பழனி மலைக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பாதி கடந்ததுமே பழனியைப் பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ரோப் கார் ஓடுமா, எத்தனை படி என்பதில் தொடங்கி, மூலவர் உண்மையிலேயே நவபாஷாணமா என்பது வரை எல்லாம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். தரிசன நேரம், கட்டணம் போன்றவை அடிக்கடி மாறுபவை. அவற்றைத் தேவஸ்தானத்திடம் கேட்டுக்கொள்வதே நல்லது. எந்த ஊர்க்காரர்கள் எந்தக் காவடியோடு எந்த மாதம் வருகிறார்கள் என்பதற்குத்தான் இங்கே அதிக இடம். பழனியைப் பழனியாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

பழனியில் கோயில் மலைமேல் மட்டும்தானா?

இல்லை. மூன்று கோயில்கள் சேர்ந்ததுதான் பழனி. மலைமேல் தண்டாயுதபாணி. அடிவாரத்தில் திருஆவினன்குடி, இங்கே குழந்தை வேலாயுதசாமியாக மயில்மேல் அமர்ந்திருக்கிறார். ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயில். சிவனுக்கும் அம்மனுக்கும் நடுவில் முருகன் சன்னிதி இருக்கும்.

வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் நேராக மலைக்கு ஏறி, தரிசனம் முடிந்ததும் பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் பழனியின் பாதியைப் பார்க்காத மாதிரிதான். ஏனென்றால் அறுபடை வீடுகளில் மூன்றாவதாகத் திருமுருகாற்றுப்படை சொல்வது ஆவினன்குடியைத்தான். தைப்பூசத்துக்குக் கொடியேறுவது பெரியநாயகி அம்மன் கோயிலில், பங்குனி உத்திரத்துக்குக் கொடியேறுவது திருஆவினன்குடியில். மலைக்கோயில் இந்த இரண்டோடும் பின்னிக் கிடக்கிறது.

அப்படியானால் எந்த வரிசையில் கும்பிட வேண்டும்?

பழைய வழக்கம் இது: சண்முக நதியில் குளியல், அப்புறம் திருஆவினன்குடி, அதன்பின் அடிவாரத்துப் பாத விநாயகர், கிரிவலம், மலையேற்றம். ஏறும் வழியில் இடும்பன் சன்னிதியில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். சில குடும்பங்கள் பெரியநாயகி அம்மனை முதலில் கும்பிடுவார்கள். உங்கள் வீட்டில் வேறு வழக்கம் இருந்தால் அதையே செய்யுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

கோயில் எவ்வளவு பழையது?

அகநானூற்றின் முதல் பாட்டிலேயே நெடுவேள் ஆவி என்ற வேளிர் தலைவனின் பொதினி வருகிறது. அந்தப் பொதினியைப் பழனி என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் இதே ஆவியர் குடிதான். ஆக, ஊருக்கும் குன்றுக்கும் சங்க காலத் தொடர்பு உண்டு. இன்று மலைமேல் நாம் பார்க்கும் கற்கட்டடம் அவ்வளவு பழையதல்ல. சுவர்களில் இருப்பவை பாண்டியர் காலத்துக்கும் விஜயநகர காலத்துக்கும் உரிய கல்வெட்டுகள். சேரமான் பெருமாள் கட்டிய கோயில் என்று ஒரு செவிவழிக் கதையும் இருக்கிறது. மூலவர் மேற்கு நோக்கி நிற்பதை அதோடு சேர்த்து, சேர நாட்டைப் பார்த்து நிற்கிறார் என்பார்கள். கேரளத்திலிருந்து வரும் கூட்டத்தைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். அடிவாரக் கடைகளில் மலையாளம் சரளமாகப் புழங்கும்.

அருணகிரிநாதர் பழனியைப் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் தொண்ணூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ‘நாத விந்து கலாதீ நமோநம’ திருஆவினன்குடிக்கு உரியது. கொங்குப் பக்கத்து வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் இன்றும் கேட்கலாம்.

கடைசியாகக் குடமுழுக்கு நடந்தது 2023 ஜனவரி 27. அதற்கு முந்தையது 2006.

ஞானப்பழக் கதை எல்லோருக்கும் தெரியும். இடும்பன் யார்?

காவடி எடுக்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கதையைத்தான். அகத்தியர் தம் வழிபாட்டுக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தெற்கே கொண்டுவரச் சொல்லி இடும்பன் என்ற அசுரனை அனுப்புகிறார். பிரம்ம தண்டத்தைத் தோள்கம்பாகவும் பாம்புகளைக் கயிறாகவும் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குன்றுகளையும் கட்டித் தூக்கி வருகிறான். ஆவினன்குடி அருகே களைப்பாற இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்கினால் ஒரு குன்று நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் கோவணம் கட்டிய ஒரு சிறுவன் தடியோடு நிற்கிறான். ‘இறங்கு’ என்கிறான் இடும்பன். ‘மலை என்னுடையது’ என்கிறான் சிறுவன். சண்டையில் இடும்பன் விழுகிறான். மனைவி இடும்பி வந்து மன்றாட, முருகன் அவனை எழுப்பித் தன் மலைக்கே காவலனாக வைத்துக்கொள்கிறார்.

அவன் கேட்ட வரம்தான் முக்கியம்: தன்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும். கம்பின் இரண்டு முனையிலும் பாரம் கட்டிச் சுமக்கும் காவடியின் வடிவம் அங்கிருந்து வந்தது. பக்கத்தில் தெரியும் இன்னொரு குன்றுதான் இடும்பன் மலை. நேரம் இருந்தால் அங்கேயும் ஏறுங்கள். கூட்டம் இருக்காது, அங்கிருந்து பழனி மலை முழுசாகத் தெரியும்.

தோற்றவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வென்றவனிடம் போக வேண்டும் என்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் — இரண்டும் ஒன்றுபோலத்தானே?

கூட்டத்தில் ஒன்றுபோலத்தான். மற்ற எல்லாவற்றிலும் வேறு.

தைப்பூசம் நடந்து வருகிறவர்களின் திருவிழா. பத்து நாள் விழாவில் ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் தேர். தேர் ஓடுவது ஊருக்குள், பெரியநாயகி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில். திண்டுக்கல், மதுரை, காரைக்குடி, திருச்சி, கோவை என்று எல்லாத் திசையிலிருந்தும் பச்சையும் காவியும் மஞ்சளும் உடுத்தியவர்கள் சாலையை நிறைத்து வருவார்கள்.

பங்குனி உத்திரம் கொங்கு நாட்டின் தீர்த்தக் காவடித் திருவிழா. ஈரோடு, கரூர், திருப்பூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் குளித்து, கலசங்களில் தண்ணீர் எடுத்துக் காவடியில் கட்டிக்கொண்டு பழனிக்கு வருவார்கள். வெயில் ஏறுகிற காலம். மூலவர் திருமேனியின் வெம்மையைத் தணிக்கக் காவிரித் தண்ணீர் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தேர் இதில் மலையைச் சுற்றிய கிரி வீதியில் ஓடும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, வெளியூரில் பலருக்குத் தெரியாது. சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் அக்னி நட்சத்திரக் கழு. விடியற்காலையிலும் மாலையிலும் உள்ளூர்க்காரர்களும் சுற்றுவட்டாரத்துக்காரர்களும் கூட்டம் கூட்டமாகக் கிரிவலம் வருவார்கள். பெண்கள் கடம்பப் பூ சூடியிருப்பார்கள். மேளதாள ஆரவாரம் அதிகம் இல்லாத, நடப்பது மட்டுமே வழிபாடாக உள்ள விழா.

நகரத்தார் காவடி என்கிறார்களே, அது என்ன?

செட்டிநாட்டு நகரத்தார்கள் நானூறு ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து வருகிறார்கள். உப்பு வணிகத்துக்காகப் பழனிக்கு வந்துபோன காலத்தில் தொடங்கியது என்பது அவர்கள் மரபு. பல ஊர்க் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுசேர்ந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும். முன்னால் வேல் போகும், பின்னால் காவடிகள், அதன் பின்னால் நடக்கிறவர்கள். எங்கே தங்குவது, எங்கே பூசை, எங்கே சாப்பாடு என்பதெல்லாம் தலைமுறைகளாக ஒரே ஒழுங்கில் நடக்கும். மலையில் காவடி செலுத்தியபின் காவடிக்காரர்கள் திரும்பவும் நடந்தே ஊர் போவார்கள். நம்மில் பலர் போகும்போது நடந்துவிட்டு வரும்போது பஸ்ஸில் வருகிறோம். அவர்களுக்குப் பயணம் வீடு சேரும்போதுதான் முடிகிறது.

எடப்பாடிக்காரர்கள் மட்டும் இரவில் மலைமேல் தங்கலாமாமே?

உண்மைதான். சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலக் காவடிக்கு மட்டும் அந்த உரிமை. மற்றவர்கள் இராக்கால பூசை முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலான வழக்கம் என்கிறார்கள். தைப்பூசத் திருவிழாவெல்லாம் முடிந்து, ஊர் கொஞ்சம் அமைதியான பிறகுதான் இவர்கள் வருவார்கள். ஆயிரக்கணக்கில் வந்து, மலைமேலேயே வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் எல்லாம் சேர்த்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். சாமிக்குப் படைத்தபின் அதை எடுத்துக்கொண்டு போய் ஊரில் எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள்.

நாள்காட்டியில் இதற்கு என்று ஒரு கட்டம் கிடையாது. அதனால் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். பழனியில் ஒரே ஒரு காவடியைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதல்முறை காவடி எடுக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் ஊரில் ஏற்கெனவே எடுக்கும் குழுவில் ஒரு பெரியவரைப் பாருங்கள். குருசாமி என்று யாராவது இருப்பார். விரதம் எத்தனை நாள், மாலை எப்போது போடுவது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. ஒரு மண்டலம் இருப்பவர்கள் உண்டு, கார்த்திகை அல்லது மார்கழியில் மாலை போட்டுத் தைப்பூசம் வரை இருப்பவர்கள் உண்டு.

பால், பன்னீர், புஷ்பம், மயில், தீர்த்தம் என்று காவடியில் பல வகை. வேண்டுதல் எதுவோ அதுதான். அலகு குத்துவது, பறவைக் காவடி போன்றவை அனுபவமுள்ளவர் உடனிருந்து செய்ய வேண்டியவை. கூட்டத்தில் யாரோ செய்வதைப் பார்த்து அந்த நேரத்தில் தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

வசதி இருந்தாலும் நாலு வீட்டில் மடிப்பிச்சை எடுத்து, அந்தப் பணத்தையும் சேர்த்துக்கொண்டு போவது பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அங்கே நிற்பவர் ஆண்டி அல்லவா, போகிறவரும் ஆண்டியாகப் போக வேண்டும் என்பார்கள்.

பாதயாத்திரைக்கு என்ன எடுத்துப் போகலாம்?

குறைவாக. ஒரு மாற்றுத் துணி, போர்வை, டார்ச், தண்ணீர் பாட்டில், காலுக்குத் தேங்காய் எண்ணெய், பிளாஸ்டர். சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். தைப்பூச நேரத்தில் வழியெல்லாம் அன்னதானப் பந்தல்தான். சாப்பிட்டுச் சாப்பிட்டே நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி வழி. முதல்முறை நடப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி வெயிலுக்கு முன் நிறுத்திவிடுங்கள். மறுபடி மாலையில் நடங்கள். வாகனங்கள்தான் பெரிய ஆபத்து. பாதயாத்திரைக்காகப் போட்ட நடைபாதை இருக்கும் இடங்களில் அதை விட்டு இறங்காதீர்கள். இருட்டில் நடந்தால் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். பாட்டு ஒலிப்பெட்டியை அலறவிட்டுக்கொண்டு நடக்கும் குழுக்களுக்குப் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது. அரோகரா சொல்ல ஒலிப்பெட்டி தேவையில்லை.

மூலவர் நவபாஷாணச் சிலை என்பது உண்மையா?

போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி இந்தத் திருமேனியைச் செய்தார் என்பது மரபு. வலக்கையில் தண்டம், இடக்கை இடுப்பில், கோவணாண்டியாக நிற்கும் உருவம். போகரின் சமாதி மலைமேல் தென்மேற்குப் பிரகாரத்திலேயே இருக்கிறது. அவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் மரகத லிங்கமும் அங்கே உண்டு. அவருடைய சீடர் புலிப்பாணியின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வழிபாடு செய்கிறார்கள். மூலவரைப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்குகிறவர்கள் இந்தச் சன்னிதியைக் கடந்தே போய்விடுவார்கள். நிதானமாகப் பாருங்கள்.

அபிஷேக சந்தனம் தீராத நோயைத் தீர்க்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. நம்பிக்கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். கடைகளில் ‘நவபாஷாண’ மணி, லிங்கம் என்று விற்பதை நான் வாங்கமாட்டேன். பாஷாணம் என்றாலே நஞ்சு.

திருமேனி தேய்ந்துவருகிறது என்ற கவலை பல காலமாக உண்டு. அந்தக் காரணம் சொல்லி 2004-இல் மூலவருக்கு முன்னால் ஐம்பொன் சிலை ஒன்று வைக்கப்பட்டது. பக்தர்கள் ஏற்கவில்லை, சில மாதங்களில் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு அது வழக்காகவும் போனது.

எந்தப் பூசையைப் பார்ப்பது நல்லது?

ஆறு காலம்: விளா பூஜை, சிறுகால சந்தி, கால சந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இராக்காலம். ஒவ்வொன்றிலும் அலங்காரம் வேறு. காலையில் சன்னியாசி, அப்புறம் வேடர், பாலசுப்பிரமணியர், வைதீகர் என்று மாறி, சாயரட்சையில் ராஜ அலங்காரம். இராக்காலத்தில் முதியவர். ஒரே நாளில் ஒரு வாழ்க்கையையே காட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலோர் கேட்பது ராஜ அலங்காரம். அதற்குத்தான் கூட்டமும். எனக்குக் காலையில் ஆண்டியாகப் பார்ப்பதுதான் பிடிக்கும். நகை, பட்டு எதுவும் மறைக்காமல் அந்த உருவம் தெளிவாகத் தெரியும். இராக்காலத்தில் பூசிய சந்தனத்தை மறுநாள் காலையில் எடுத்துப் பிரசாதமாகத் தருவார்கள். மாலையில் ஏழு மணி வாக்கில் தங்கத்தேர் பிரகாரத்தைச் சுற்றும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எப்படி மேலே கூட்டிப் போவது?

படிப்பாதையில் ஏறக்குறைய 700 படிகள். யானைப்பாதை சுற்றிப் போகும், ஆனால் சரிவு குறைவு, படிகள் அகலம். முழங்கால் லேசாகத் தொந்தரவு செய்கிறவர்களுக்கு அது பரவாயில்லை. அதுவும் முடியாது என்றால் வின்ச் (தண்டவாளத்தில் கம்பியால் இழுத்து மேலேற்றும் பெட்டி) அல்லது ரோப் கார்.

வின்ச் 1966-இலிருந்து ஓடுகிறது, ரோப் கார் 2004-இலிருந்து. ரோப் காரில் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம், ஆனால் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். மதியம் ஒரு மணி நேரம் போலப் பராமரிப்பு இடைவேளை உண்டு. மாதத்தில் ஒருநாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல வாரங்களும் நிற்கும். ஆகவே ரோப் காரை மட்டும் நம்பி வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். வின்ச்சுக்கு வரிசை நீளமாக இருந்தாலும் அதுதான் உறுதி. கிரி வீதிக்குள் 2024 முதல் தனியார் வாகனங்களை விடுவதில்லை. அதனால் நிலையம் வரை காரில் போய் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். தேவஸ்தானத்தின் பேட்டரி வண்டி, பஸ் ஓடுகின்றன.

போன் கொண்டுபோகலாமா?

கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் கைபேசிக்கும் கேமராவுக்கும் தடை. அடிவாரத்தில் சிறு கட்டணத்துக்கு வைத்துவிட்டுப் போகலாம். ஏறும் முன்பே குடும்பத்தோடு எங்கே சந்திப்பது என்று பேசிவையுங்கள், மேலே தேடுவது கஷ்டம்.

முடி காணிக்கைக்கு எவ்வளவு?

இலவசம். 2021-இலிருந்து அறநிலையத்துறைக் கோயில்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். தேவஸ்தான முடிக்கொட்டகைக்கு மட்டும் போங்கள். பஸ் நிலையத்திலிருந்தே கூடவே வந்து, ‘நான் சீக்கிரம் பார்த்துவிடுகிறேன் சாமி’ என்று பேச்சுக் கொடுப்பவர்களுக்கு முகம் கொடுக்காதீர்கள். கடைக்காரர் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அர்ச்சனைத் தட்டின் விலையை அப்போதே கேட்டுவிடுங்கள். இறங்கி வந்தபின் கேட்டால் விலை வேறாக இருக்கும்.

பஞ்சாமிர்தம் எங்கே வாங்குவது? எத்தனை நாள் தாங்கும்?

தேவஸ்தான ஸ்டாலில். மலைமேலும் கிடைக்கும், அடிவாரத்திலும் கிடைக்கும். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழம் விருப்பாச்சி மலைவாழை. பழனிக்குப் பக்கத்து மலைகளில் விளைவது. சின்னதாக, சதை இறுகி, நீர் குறைவாக இருக்கும், பிசைந்தால் கெட்டியாக நிற்கும். சாதாரணப் பூவன் பழத்தில் வீட்டில் செய்து பார்த்தால் ஏன் தண்ணியாகிறது என்பதற்கு இதுதான் பதில். 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

டப்பாவில் தேதி பார்த்து வாங்குங்கள். திறக்காமல் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். திறந்தபின் உலர்ந்த கரண்டி போட வேண்டும். ஈரக் கரண்டி போட்டால் புளித்துவிடும்.

கூட்டம் இல்லாமல் பார்க்க எப்போது போகலாம்?

கிருத்திகை, சஷ்டி, செவ்வாய், சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, சபரிமலைக் காலம் எல்லாவற்றையும் தவிருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் போகும்போதோ வரும்போதோ பழனியையும் பார்த்துவிடுவார்கள்; அந்த இரண்டு மாதம் சாதாரணக் கிழமையிலும் வரிசை நீளும். ஆடி, ஆவணியில் புதன், வியாழன் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம், காற்றுக் காலம் என்பதால் ரோப் கார் மட்டும் சந்தேகம். மலைமேல் அன்னதானம் உண்டு. 2012 முதல் நாள் முழுக்கப் போடுகிறார்கள், அதனால் சாப்பாட்டுக்காக இறங்க வேண்டியதில்லை. தை கடைசியில் போகிறவர்கள் எடப்பாடிக் காவடி எந்தத் தேதியில் வருகிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கீழே அறை கிடைக்காது.